நீரிணை நாட்டின் கதை – 31: மண்ணுக்குப் போன உடலும் கண்ணாடிக்குள் போன உடலும்

1895ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் தேதி, லண்டன் சவுத் கென்சிங்டனில் உள்ள பெய்லிஸ் ஹோட்டலில் ஜொகூர் சுல்தான் அபூபக்கர் காலமானார். ஜொகூர் பாருவில் மஹ்மூதியா அரச கல்லறையில் அவரை அடக்கம் செய்தது செப்டம்பர் 7ஆம் தேதி. இடையில் மூன்று மாதம். அவருடைய மகன் சுல்தான் இப்ராகிமுக்கும் இதுவேதான் நேர்ந்தது. ஏறத்தாழ 64 ஆண்டு ஆண்டவர், 1959 மே 8 அன்று அதே லண்டனில் இறந்தார். ‘வில்லெம் ரைஸ்’ என்ற டச்சுக் கப்பலில் உடல் சிங்கப்பூர் வந்தது. இஸ்தானா பெசார் அரண்மனையில் மக்கள் இறுதி மரியாதை செலுத்திய பின், ஜூன் 6 அன்று தந்தை கிடக்கும் அதே வளாகத்தில் அடக்கம் நடந்தது. ஆக, ஜொகூரின் இரண்டு பெரிய சுல்தான்களின் உடல்கள் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் கெடாமல் காக்கப்பட்டு, கடல் தாண்டி வந்திருக்கின்றன. காத்து வைக்கும் நுட்பமும் கையில் இருந்தது, பார்க்க வரும் மக்களும் இருந்தார்கள். இருந்தும் இரண்டு உடல்களும் மண்ணுக்குப் போயின. மாஸ்கோவிலும் ஹனோயிலும் பெய்ஜிங்கிலும் கோவாவிலும் வேறு சில உடல்கள் கண்ணாடிக்குப் பின்னால் இன்னும் கிடக்கின்றன. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

இறந்தவரின் பெருமை என்பது வழக்கமான பதில். அத்தனை பெரிய மனிதர், அதனால் மக்கள் விடவில்லை என்பார்கள். எனக்கு அது போதவில்லை. பெருமைக்குரியவர்களில் மிகப் பெரும்பாலோர் எரிக்கப்பட்டோ புதைக்கப்பட்டோதான் போயிருக்கிறார்கள். உடலை நிரந்தரமாகக் காட்சிக்கு வைத்த இடங்களை அடுத்தடுத்து எடுத்துப் பார்த்தால் ஒரு பொது அம்சம் தெரிகிறது. இறந்தவரின் இடத்தில் அடுத்து யார் அமர்வது என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி அங்கே இருந்திருக்காது. அல்லது இருந்த விதியை யாரும் முழுதாக நம்பியிருக்கமாட்டார்கள். வாரிசு தெளிவாக இருக்கும் நாட்டில் உடலுக்கு வேலை முடிந்துவிடுகிறது. வாரிசு தெளிவில்லாத நாட்டில் உடலே வாரிசின் வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது.

ஜொகூரின் 1895 இதற்கு நல்ல சான்று. ஏனென்றால் அபூபக்கரின் அரியணை அப்படியொன்றும் கேள்விக்கு அப்பாற்பட்டதாக இருக்கவில்லை. முந்தைய அத்தியாயங்களில் பார்த்தபடி, அவர் சுல்தான் பட்டம் வகித்துவந்த கிளையைச் சேர்ந்தவர் அல்ல, தெமெங்கோங் என்ற அரசவைப் பதவி வகித்த குடும்பத்தவர். 1855 உடன்படிக்கை சுல்தான் அலிக்குப் பட்டத்தையும் மூவார் பக்கத்து நிலத்தையும் மட்டும் விட்டுவைத்து, ஜொகூரின் ஆட்சியைத் தெமெங்கோங்கிடம் சேர்த்தது. அலி 1877இல் இறந்ததும் அவர் குடும்பத்தின் உரிமைக் கோரிக்கை மூவாரில் புகைந்து, 1879இல் ஜெமெந்தா சண்டையாக வெடித்தது. அபூபக்கர் 1868இல் மகாராஜா ஆனதும், 1885இல் பிரிட்டிஷாரிடம் ஒப்பந்தம் போட்டுச் சுல்தான் பட்டத்தை உறுதிசெய்துகொண்டதும் இந்தப் பின்னணியில்தான். இப்படிப்பட்ட மன்னர் தலைநகரிலிருந்து பல்லாயிரம் மைல் தள்ளி இறக்கிறார். வாரிசுக்கு வயது 21. உடல் வந்து சேர மூன்று மாதம். நாடு குலைவதற்கு வேண்டிய எல்லாப் பொருத்தமும் கூடியிருந்தது. குலையவில்லை. இறப்பதற்கு ஏழு வாரம் முன்பு, ஏப்ரல் 14 அன்று, அபூபக்கர் ஓர் எழுத்து அரசியலமைப்பைப் பிரகடனம் செய்திருந்தார். மலாய் மாநிலங்களில் முதலாவது அதுதான். அரியணைக்கு யார் தகுதியுடையவர், அடுத்தவரை எப்படித் தேர்வது என்பதை அது எழுத்தில் வைத்தது. நாட்டை அந்நியருக்கு ஒப்படைக்கக் கூடாது என்றும் விதித்தது. இப்ராகிம் ஏற்கெனவே துங்கு மஹ்கோத்தா, அதாவது பட்டத்து இளவரசர். மந்திரி பெசார் டத்தோ ஜாஃபரும் மன்றங்களும் அதிகாரிகளும் இருந்த இடத்தில் இருந்தார்கள். உடல் வந்தது, அடக்கம் நடந்தது, அதே நாளில் மகன் முறைப்படி அரியணை ஏறினார்.

பழைய மன்னரின் உடல் மண்ணுக்குள் இறங்குமுன் புதிய மன்னரை அறிவித்துவிட வேண்டும் என்பது மலாய் அரச மரபு. 2010 ஜனவரியில் சுல்தான் இஸ்கந்தர் மறைந்தபோதும் அப்படியே நடந்தது: 22ஆம் தேதி மறைவு, 23ஆம் தேதி புதிய சுல்தான் பிரகடனம், பிறகு மஹ்மூதியாவில் அடக்கம். இதை வெறும் சடங்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஆள் இல்லாத இடைவெளியில் ஓர் உடல் கிடந்தால், அதைச் சுற்றிக் கோரிக்கைகள் முளைக்கும் என்பதை நன்றாக அறிந்தவர்கள் வகுத்த ஒழுங்கு அது.

உடனே எழும் மறுப்பு ஒன்று உண்டு. ஜொகூர் இஸ்லாமிய அரசு. இறந்தவரை விரைந்து அடக்கம் செய்யச் சொல்வது மார்க்கம். உடலைக் காட்சிக்கு வைக்கும் பேச்சே அங்கே எழாது, இதில் வாரிசுச் சட்டத்துக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். இதில் பாதி உண்மை. இஸ்லாமிய நாடுகளில் கண்ணாடிப் பேழை மரபு வேர்விடாததற்கு மார்க்கமே முதற்காரணம். ஆனால் விரைந்து அடக்கம் என்ற அதே விதி 1895இல் மூன்று மாதமும் 1959இல் நான்கு வாரமும் வளைந்து கொடுத்தது; அரசுக்குத் தேவை வந்தபோது இடம் கிடைத்தது. மற்ற இடங்களில் கொள்கை எவ்வளவு எளிதாகத் தோற்றது என்பதையும் பார்க்க வேண்டும். புனிதர்களின் எலும்பை வணங்குவதை மூடத்தனம் என்று ஏசிய கட்சிதான் லெனினின் உடலைக் காத்தது. அவருடைய மனைவி குரூப்ஸ்காயா, நினைவுச்சின்னம் எதுவும் எழுப்ப வேண்டாம் என்று பத்திரிகையிலேயே வேண்டினார், யாரும் கேட்கவில்லை. ஹோ சி மின் தன் உடலை எரித்துச் சாம்பலை நாட்டின் மூன்று பகுதிகளிலும் வைக்கச் சொல்லி எழுதியிருந்தார். 1969இல் வெளியிட்ட உயிலில் அந்தப் பகுதியே இல்லை. இருபது ஆண்டு கழித்துத்தான் அது வெளியே வந்தது. தலைவர்களை எரியூட்ட வேண்டும் என்ற 1956 தீர்மானத்தில் மாவோ தன் கையாலேயே ஒப்பமிட்டவர். மூவர் விருப்பமும் மூன்று நாட்டிலும் ஒரே கதிதான் அடைந்தது. இறந்தவரின் சொல்லும் கட்சியின் கொள்கையும் இத்தனை சுலபமாகத் தள்ளப்பட்டன என்றால், தள்ளியவர்களுக்கு அந்த உடல் ஏதோ ஒன்றுக்குக் கட்டாயம் தேவைப்பட்டிருக்கிறது.

என்ன தேவை என்பது தேதிகளைப் பார்த்தாலே விளங்கும். லெனின் 1924 ஜனவரி 21 அன்று இறந்தார். அடுத்த தலைவரைத் தேர்வதற்கு விதி இல்லை. அவர் விட்டுச்சென்ற குறிப்போ ஸ்டாலினை நீக்கச் சொன்னது, ஆகவே அது மறைக்கப்பட்டது. ஜனவரிக் குளிர் உடலைச் சில வாரம் காத்தது. பிறகு வொரோபியோவும் ஸ்பார்ஸ்கியும் மார்ச் முதல் ஜூலை வரை உழைத்து அதைப் பதப்படுத்தினார்கள். ஆகஸ்டில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். கிளிசரினும் பொட்டாசியம் அசிடேட்டும் கலந்த கரைசலில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை முக்கியெடுக்கும் அந்த வேலைக்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் உருவாயிற்று. 1953இல் ஸ்டாலினின் உடலும் பக்கத்தில் வைக்கப்பட்டது. 1961இல் அதை அகற்றிய விதம் இன்னும் விசித்திரம். கட்சி மாநாட்டில் டோரா லாசுர்கினா என்ற முதிய கட்சிக்காரர் எழுந்து, லெனின் தன்முன் தோன்றியதாகவும், ஸ்டாலின் பக்கத்தில் படுத்திருப்பது தனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னதாகவும் பேசினார். நாத்திகக் கட்சியின் மாநாடு அதைக் கைதட்டி ஏற்று, அக்டோபர் 31 இரவு ஸ்டாலினைப் புதைத்தது. மாநாட்டில் ஓட்டுப்போட்டவர் உயிரோடு இருந்த உறுப்பினர் மட்டுமல்லர் என்றுதான் சொல்ல வேண்டும். பெய்ஜிங்கில் கணக்கு இன்னும் வெளிப்படை. மாவோ இறந்தது 1976 செப்டம்பர் 9. அவர் மனைவி உள்ளிட்ட நால்வர் குழுவை, அடுத்த தலைவராக வந்த ஹுவா குவோஃபெங் கைதுசெய்தது அக்டோபர் 6. நினைவு மண்டபம் கட்டி உடலை வைப்போம் என்ற அறிவிப்பு அக்டோபர் 8. மாவோ தன்னிடம் பொறுப்பை ஒப்படைத்தார் என்ற ஒரு துண்டுக் காகிதத்துக்கு மேல் ஹுவாவிடம் உரிமைப் பத்திரம் ஏதும் இல்லை. மண்டப முகப்பில் பெயர் எழுதியதும் அவரே. சில ஆண்டுகளில் அவர் பதவி போயிற்று. உடல் அங்கேயே இருக்கிறது.

ஜொகூர்க்காரர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் ஓர் உதாரணம் உண்டு, மூவாரைத் தாண்டினால் போதும். பிரான்சிஸ் சவேரியார் 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையோரச் சாங்சுவான் தீவில் இறந்தார். சுண்ணாம்பு போட்டுப் புதைத்த உடலை மறு ஆண்டு தோண்டியபோது கெடவில்லை என்றார்கள். மார்ச்சில் மலாக்கா வந்தது. இன்று பாழாய் நிற்கும் குன்றின்மேல் தேவாலயத்தில், சவப்பெட்டியில்லாமல் புதைக்கப்பட்டது. சில மாதத்தில் மறுபடியும் தோண்டியெடுத்துக் கோவாவுக்கு அனுப்பினார்கள். 1554 மார்ச் 16 அன்று அங்கே இறங்கியது. முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே அவர் தமிழில் ஜெபம் சொல்லிக்கொடுத்ததைத் தமிழ் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மலாக்காவில் அவருக்கு இருந்த மரியாதை வேறு மாதிரி: கோட்டைத் தலைவர் ஆல்வரோ டி அட்டைட் அவருடைய சீனத் தூதுக்குழுவையே தடுத்து நிறுத்தினார். உயிரோடு இருந்தவரை வழிமறித்த ஊர், உடல் வந்தபோது ஊர்வலமாக எதிர்கொண்டது. 1551இல்தான் ஜொகூர் சுல்தான் படையோடு வந்து மலாக்காவை முற்றுகையிட்டிருந்தார். அச்சம் தெளியாத ஊருக்கு ஒரு காவலர் வேண்டியிருந்தது.

ஆனால் சவேரியாருக்கு அரியணை ஏது, வாரிசு ஏது, அவரை எப்படி இந்த வாதத்தில் சேர்ப்பது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கான விடை 1683இல் இருக்கிறது. மராட்டிய மன்னர் சம்பாஜியின் படை கோவாவை நெருக்கியது. போர்த்துக்கல் மன்னரோ மாதக்கணக்கான கடற்பயணத் தொலைவில் இருந்தார். வைஸ்ராயாக இருந்த அல்வோர் பிரபு சவேரியாரின் பேழையைத் திறக்கச் செய்து, தன் அதிகாரக் கோலை அந்த உடலின் கையில் வைத்து, ஊரை அவரிடமே ஒப்படைத்தார். இதற்கு விளக்கவுரை வேண்டாம். மன்னர் அருகில் இல்லாத அரசில், எட்டும் தூரத்தில் இருந்த பேரதிகாரம் அந்த உடல் ஒன்றே. பின்வந்த ஆளுநர்கள் பதவியேற்கும்போது அந்தக் கல்லறைக்குப் போவதை வழக்கமாகக் கொண்டார்கள். வலது முன்கை மட்டும் 1614இலேயே ரோமுக்குப் போய்விட்டது. அங்கேயும் உடலில் பங்கு கேட்கும் தலைமை ஒன்று இருந்தது. பத்தாண்டுக்கு ஒரு முறை கோவாவில் நடக்கும் பொதுத் தரிசனம் கடைசியாக 2024 நவம்பர் 21இல் தொடங்கி 2025 ஜனவரி 5 வரை நடந்தது. இன்று அதில் அரசியல் இல்லை, பக்திதான். உடலை அந்த நிலைக்குக் கொண்டுவந்த காலத்தில் அரசியலும் இருந்தது என்பதே என் வாதம்.

இன்னும் கடினமான மறுப்பு வட கொரியாவிலிருந்து வருகிறது. கிம் இல் சுங்குக்கு மகன் கிம் ஜாங் இல் இருந்தார்; ஆண்டுக்கணக்காக வாரிசாகத் தயார்செய்யப்பட்டவர். ஆனாலும் 1994இல் தந்தையின் உடல் பேழைக்குள் போயிற்று, 2011இல் மகனின் உடலும் போயிற்று. வாரிசு இருக்கும்போது உடல் எதற்கு? இங்கே மகன் இருப்பதும் வாரிசுரிமை இருப்பதும் ஒன்றல்ல. தந்தைக்குப் பின் மகன் என்று ஒரு கம்யூனிஸ்ட் கட்சியின் சட்டத்தில் எழுத முடியாது. கிம் ஜாங் இல் கட்சிப் பொதுச்செயலாளர் ஆகவே மூன்றாண்டு ஆயிற்று. அதிபர் பதவியை அவர் ஏற்கவே இல்லை. 1998இல் இறந்த தந்தையையே நிரந்தர அதிபர் என்று அரசியலமைப்பில் எழுதினார்கள். ஜொகூரில் சட்டம் மகனுக்கு இடம் கொடுத்தது, உடலுக்குக் கொடுக்கவில்லை. பியோங்யாங்கில் நேர் எதிர்.

நம் பக்கத்தைப் பார்ப்போம். சோழர்கள் இந்தச் சிக்கலை நன்றாக அறிந்திருந்தார்கள். ராஜராஜன் 1014இல் இறந்தான். 1012லேயே ராஜேந்திரன் இணையரசனாக முடிசூடிவிட்டான். இறந்த சோழ மன்னர்களுக்குப் பள்ளிப்படைக் கோயில்கள் எழுந்தன. தொண்டைமானாட்டில் முதலாம் ஆதித்தனுக்கு, மேல்பாடியில் அரிஞ்சயனுக்கு. அங்கே மன்னன் லிங்கத்துக்கு அடியில் இருந்தான், கண்ணுக்கு முன் இல்லை. வழிவந்தவன் கோயில் கட்டினான், முன்னவர் மறைந்திருந்தார். யார் ஆள்கிறார் என்பதில் யாருக்கும் ஐயம் எழ இடமில்லை. சென்னைக் கதை வேறு. 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். இறந்தபோது ராஜாஜி மண்டபத்தில் அவருடைய தலைமாட்டில் ஜெயலலிதா மணிக்கணக்கில் நின்றதும், இறுதி ஊர்வல வண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டதும், பின் ஜானகி முதல்வராகி அந்த ஜனவரி முடிவதற்குள் ஆட்சி கலைந்ததும் எல்லோருக்கும் தெரிந்தவை. 2016 டிசம்பரில் ஜெயலலிதாவின் உடல் எம்பாமிங் செய்யப்பட்டு அதே மண்டபத்துக்கு வந்தது. அதற்குமுன் விடியாத இருட்டிலேயே ஓ. பன்னீர்செல்வம் முதல்வராகப் பதவியேற்றுவிட்டார். மலாய் மரபைப் போலவே அடக்கத்துக்கு முன் ஆள் தயார். ஆனால் அது முதல்வர் நாற்காலிக்கு மட்டும் விடை சொன்னது. கட்சித் தலைமை யாருக்கு என்ற கேள்வி நின்றுகொண்டே இருந்தது. அதனால்தான் 2017 பிப்ரவரி 7 அன்று பன்னீர்செல்வம் மெரினா சமாதியில் போய்க் கண்மூடி அமர்ந்தார். பிப்ரவரி 15 அன்று சசிகலா சிறைக்குப் புறப்படுமுன் அதே சமாதியில் மூன்று முறை கையால் அறைந்து சபதம் செய்தார். உடல் மண்ணுக்குள் போய்விட்டால் வேலை முடிந்தது என்று நான் மேலே சொன்னது ஜொகூருக்குப் பொருந்துகிறது. மெரினாவில் மண்ணுக்குள் இருந்தும் வேலை செய்தது. ஆகவே அடக்கம் செய்வதோ முன்கூட்டிப் பதவியேற்பதோ மட்டும் போதாது, விதியை எல்லாத் தரப்பும் நம்ப வேண்டும்.

திருவரங்கத்து ராமானுஜர்தான் என் வாதத்துக்குச் சரியாக அடங்காதவர். அங்கே உடையவர் சன்னிதியில் இருப்பது அவருடைய உடலேதான், ‘தானான திருமேனி’ என்பது வைணவ மரபு. பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சேர்த்துப் பூசுகிறார்கள். அவருக்கு வாரிசு இல்லாமல் இல்லை. 74 சிம்மாசனாதிபதிகளை அமர்த்தியவர் அவர். 74 பேர் இருந்ததால்தான் எல்லோரையும் இணைக்க ஒரு திருமேனி வேண்டியிருந்தது என்று வாதத்தை நீட்டலாம். அது கொஞ்சம் சாமர்த்தியமாகவே படுகிறது. தினமும் ஆராதனை நடக்கும் இடத்தைக் காட்சிப் பேழையோடு சேர்க்காமல் விடுவதே முறை.

கடைசியாக, மக்களின் அன்பை மறந்துவிட்டாயே என்பார்கள். வரிசையில் நிற்பவன் வாரிசுச் சட்டத்தை நினைத்தா நிற்கிறான்? இல்லை. அன்பும் ஆவலும் வரிசையை விளக்கும், பேழையை விளக்காது. 1969 பிப்ரவரி 3 அன்று இறந்த அண்ணாவுக்குத் திரண்ட கூட்டத்தைவிடப் பெரிய கூட்டம் எந்தத் தலைவருக்குக் கூடியது? மறுநாளே அவர் கடற்கரையில் புதைக்கப்பட்டார். அன்பு குறைந்த இடத்தில்கூடப் பேழை தொடர்ந்து நிற்பதுண்டு. அகற்றுவதற்கும் ஓர் அதிகாரம் வேண்டும், அந்தத் துணிவு எளிதில் வராது. பிராகாவில் கம்யூனிஸ்ட் தலைவர் காட்வால்டின் உடலை 1962இல் எரித்தார்கள். சோஃபியாவில் டிமிட்ரோவை 1990இல் எரிக்க ஆட்சியே மாற வேண்டியிருந்தது. மாஸ்கோவில் அந்த அரசே இல்லாமல் போன பின்பும் லெனினை எடுப்பாரில்லை.

ஜொகூர் இந்தப் பாடத்தைக் கற்றது எங்கே? கோத்தா திங்கியில் என்று நினைக்கிறேன். 1699இல் சுல்தான் மஹ்மூத், தோளில் தூக்கிச் சென்ற பல்லக்கிலேயே லக்சமணா என்ற கடற்படைத் தலைவரின் கையால் கொல்லப்பட்டார். பிள்ளை இல்லை. முதலமைச்சரான பெண்டாஹாரா அப்துல் ஜாலில் அரியணை ஏறினார். உடலைக் காட்டி உரிமை கேட்க வழியில்லாத மரபில், உரிமை கேட்க வந்தவர் வேறொன்றைக் காட்டினார்: தன்னையே. 1718இல் ராஜா கெச்சில் சியாக்கிலிருந்து படையோடு வந்து, தானே மஹ்மூதின் மரணத்துக்குப் பின் பிறந்த மகன் என்றார். ஜொகூர் அவர் கையில் விழுந்தது. 1722இல் பூகிஸ்காரர்களின் வாளால்தான் மீண்டது, அதற்கு அவர்கள் வாங்கிய விலையும் பெரிது. அந்தப் பெண்டாஹாரா வழியில் வந்தவர்தான் அபூபக்கர். வாரிசில்லாத ஒரு மரணம் நாட்டை இருபது ஆண்டுக்கு மேல் ஆட்டிவைத்த கதை அவர் குடும்பத்தின் சொந்தக் கதை. எந்த ஐரோப்பியச் சட்டப் புத்தகத்தையும்விட அது 1895 அரசியலமைப்புக்கு நெருக்கமான காரணம்.

அந்தச் சட்டம் வாரிசைக் காத்தது. நாட்டை அந்நியருக்கு ஒப்படைக்கக் கூடாது என்ற அதன் மற்றோர் ஏற்பாடு அவ்வளவு வலுவாக நிற்கவில்லை. 1910இல் டக்ளஸ் கேம்பெல் பிரிட்டிஷ் பொது ஆலோசகராக வந்தார். 1914இல் அந்த ஆலோசனையைக் கேட்டே ஆக வேண்டும் என்ற நிலைக்குச் சுல்தான் இப்ராகிம் கையெழுத்திட நேர்ந்தது. அந்தப் பத்தொன்பது ஆண்டுகளை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.